காரீயச் சுரங்கத்தின் அடியில் வானொலி கேட்குமா?

உங்கள் மாமா குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த குரல்பதிவை முழுவதுமாகக் கேட்டேன். அதில் சொல்லப்படுவது சுருக்கமாக இது: பழைய காரீயச் (பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்) சுரங்கம் ஒன்றில், நிலத்துக்குக் கீழே ஆயிரம் அடியில், தொழிலாளி ஒருவர் கையோடு கொண்டுபோன ட்ரான்சிஸ்டர் வானொலியில் கொழும்பு ஒலிபரப்பு மேலே கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டதாம். காரீயம் மின்னைக் கடத்தும் பொருள் என்பதால் சுரங்கமே ஒரு பெரிய அன்ரனாவாகி அலைகளைக் கீழே இழுத்துக்கொண்டதாம். கைத்தொலைபேசியைச் சுரங்கத்துத் தண்டவாளத்தில் தொட வைத்தால் இன்றைக்கும் சிக்னல் கிடைக்குமாம். இதை வைத்து உள்ளூர்ப் பொறியியலாளர் ஒருவர் செய்த மீட்புக் கருவியை வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வாங்கி மறைத்துவிட்டதாம். இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொன்ன வடிவில் இது உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் இதற்குள் ஒரு சிறிய உண்மை இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் காட்டாமல் முழுக் கதையையும் பொய் என்று தள்ளினால் உங்கள் மாமா ஏற்கமாட்டார், ஏற்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. கொழும்பில் கட்டடங்களின் நிலக்கீழ்த் தளங்களுக்குக் கைத்தொலைபேசி அலைகளைக் கொண்டுசேர்க்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பாறையைப் பார்ப்போம். மின்னைச் சற்றேனும் கடத்தும் ஊடகத்துக்குள் மின்காந்த அலை நுழையும்போது அங்கே சிறுசிறு மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டங்கள் அலையின் சக்தியை வெப்பமாக்கி விழுங்கிவிடுகின்றன. அலையின் வலிமை 37 சதவீதமாகக் குறைவதற்கு எவ்வளவு ஆழம் தேவைப்படுகிறதோ அதைத் தோல் ஆழம் என்று குறிப்பிடுவார்கள். அதைக் கணக்கிடுவது கடினமன்று. ஊடகத்தின் கடத்துதிறனையும் அலையின் மீடிறனையும் (செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது, ஹேர்ட்ஸில்) பெருக்கி, வரும் தொகையின் வர்க்கமூலத்தால் 503ஐ வகுத்தால் ஆழம் மீற்றரில் கிடைத்துவிடும். ஈரம் தங்கிய பாறையின் கடத்துதிறனை மீற்றருக்கு 0.01 சீமன்ஸ் என்று வைத்துக்கொள்வது வழக்கம். மத்திய அலை ஒலிபரப்பின் நடுப்பகுதியான 1 மெகாஹேர்ட்ஸில் இந்தக் கணக்குத் தருவது வெறும் 5 மீற்றர்.

சக்தி வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது, ஒவ்வொரு 5 மீற்றர் இறங்கும்போதும் அலையின் சக்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆயிரம் அடி என்பது ஏறக்குறைய 300 மீற்றர். ஆகவே அறுபது தடவை ஏழால் வகுபட வேண்டும். பொறியியல் அளவீட்டில் இது 520 தெசிபெல் இழப்பு. இந்த எண்ணின் பருமனை உணர, 50 கிலோவாற்று ஒலிபரப்பி ஒன்று சுரங்கத்தின் தலைக்கு நேர்மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது செக்கனுக்கு வெளிவிடும் போட்டன்களின் எண்ணிக்கை, 7ஐ எழுதி 31 பூச்சியங்கள் போட்டால் வருகின்ற அளவு. 520 தெசிபெல் இழப்பு என்பதோ 1ஐ எழுதி 52 பூச்சியங்கள் போட்ட எண்ணால் அதை வகுப்பதாகும். பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து கடந்துபோன 1,380 கோடி ஆண்டுகள் முழுவதும் அந்தத் தொழிலாளி காத்திருந்தாலும், பாறை வழியாக ஒரு போட்டன்கூட அவருடைய வானொலியை வந்தடைந்திருக்காது.

கதைக்குச் சாதகமாகவே கணக்கிடுவோம் என்று, உலர்ந்த, பிளவுகள் குறைந்த பாறையை எடுத்துக்கொண்டு கடத்துதிறனைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும், தோல் ஆழம் 16 மீற்றராகத்தான் உயர்கிறது. 300 மீற்றரில் இழப்பு 164 தெசிபெல். இதில் பாதியளவு இழப்பே ஒரு நல்ல வானொலியை ஊமையாக்கப் போதும்.

இனிக் காரீயம். கதையில் மிகவும் கவர்ச்சியான பகுதியும் இதுதான், முற்றிலும் தலைகீழாக இருப்பதும் இதுதான். குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹவிலும் கேகாலை மாவட்டத்தில் போகலவிலும் கிடைக்கும் நமது காரீயம், பழம்பாறைகளின் பிளவுகளில் நாளங்களாகப் படிந்திருக்கும் அரிய வகை. அதன் தூய்மைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. கஹட்டகஹ சுரங்கம் 600 மீற்றர் அளவுக்குக் கீழே இறங்குகிறது. இந்தக் காரீயம் மின்னை நன்றாகக் கடத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள்: கடத்துதிறன் கூடக் கூட ஆழம் குறைகிறது. சாதாரணப் பாறையைவிடப் பல இலட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும் காரீயத்துக்குள் மத்திய அலை சில மில்லிமீற்றரிலேயே அடங்கிவிடும். உலோகக் கதவு மூடிய லிஃப்டுக்குள் வானொலி இரைச்சலாகிவிடுவதும் இதே காரணத்தால்தான். அன்ரனா வேலை செய்வதற்கு அது மின்கடத்தியாக இருந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ளவற்றிலிருந்து காப்பிடப்பட்டு, காற்றிலோ காப்புறைக்குள்ளோ இருந்தாக வேண்டும். ஈரப்பாறைக்குள் புதைந்து கிடக்கும் கடத்தும் நாளம் அலையை வழிநடத்துவதில்லை, விழுங்குகிறது. காரீயச் சுரங்கம் வானொலி கேட்கச் சிறந்த இடம் என்று சொல்வதற்குப் பதிலாக, வானொலி கேட்கவே முடியாத இடங்களைத் தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் அந்தச் சிறிய உண்மை என்ன? சுரங்கத்தில் வானொலி கேட்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 1922இல், ஐக்கிய அமெரிக்காவின் சுரங்கப் பணியகம், பென்சில்வேனியாவின் புரூஸ்டன் என்ற இடத்தில் இருந்த தன் பரிசோதனைச் சுரங்கத்தில், பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ வானொலி நிலையத்தைக் கேட்க முயன்றது. அந்த நிலையம் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை, அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. ஐம்பது அடி நிலக்கரிப் படலத்துக்குக் கீழே ஒலி தெளிவாகக் கேட்டது. ஆழம் கூடியபோது மிக விரைவாக மங்கியது. ஐம்பது அடி என்பது 15 மீற்றர், நமது கணக்கில் மூன்று தோல் ஆழம், 26 தெசிபெல் இழப்பு. அருகிலுள்ள நகரத்தின் வலுவான நிலையம் ஒன்று தாங்கிக்கொள்ளக்கூடிய இழப்புத்தான் அது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அந்த அளவீடும் இன்றைய சூத்திரமும் இவ்வளவு அழகாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆழமான இடத்திலும் சில வேளைகளில் வானொலி கேட்பதுண்டு. அதற்குப் பாறை காரணமன்று; மேலிருந்து சுரங்கத்தின் செங்குத்தான நுழைவுக் கிணறு வழியாக இறங்கும் மின்வடங்கள், தொலைபேசிக் கம்பிகள், குழாய்கள் ஆகியவையே காரணம். 300 கிலோஹேர்ட்ஸ் முதல் 3 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகள் நிலத்துக்கு மேலே இவற்றில் தொற்றிக்கொண்டு, காப்பிடப்பட்ட கம்பியின் நீளத்தோடு பயணித்து, கீழே கசிந்து வெளிவரும். நிலக்கரிச் சுரங்கப் பொறியியலாளர்கள் இதை நன்கு அறிந்து, வேண்டுமென்றே பயன்படுத்தியும் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் பாறை மின்னை மிகக் குறைவாகக் கடத்துவது என்பதால், அங்கே சுரங்க உரிமையாளர் சம்மேளனத்தின் ஆய்வுகூடம் 1970களில், சில நூறு கிலோஹேர்ட்ஸில் இயங்கும் கையடக்கத் தொடர்பு கருவிகளை மீட்புக் குழுக்களுக்கென்றே உருவாக்கியது.

ஆகவே, அந்தத் தொழிலாளி பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவர் கிணற்றின் அடியில், மின்வடம் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஏதோ ஒரு குரலைக் கேட்டிருக்கலாம். அங்கிருந்து குழாயும் கம்பியும் இல்லாத கிளைச் சுரங்கம் ஒன்றுக்குள் இருபது முப்பது அடி நடந்திருந்தால் அந்தக் குரல் நின்றுபோயிருக்கும். நின்றதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பல வாய்கள் மாறி வந்ததில் கம்பி கதையிலிருந்து விழுந்துவிட்டது. ஆழம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தண்டவாளத்தில் கைத்தொலைபேசியைத் தொட வைப்பது வேறு விடயம். கைத்தொலைபேசி 700 மெகாஹேர்ட்ஸ் முதல் பல ஆயிரம் மெகாஹேர்ட்ஸ் வரை இயங்குகிறது; அந்த மீடிறனில் ஈரநிலத்தில் படுத்திருக்கும் இரும்பு அலையைக் கொண்டுபோகாது. தொலைபேசியின் அன்ரனாவும் உள்ளே, பிளாஸ்டிக் உறைக்கும் கண்ணாடிக்கும் பின்னால் இருக்கிறது. வெளியே இரும்பைத் தொட்டால் இணைப்பு ஏற்படாது, அன்ரனாவின் இசைவு கெட்டுப்போவது மட்டும் நடக்கலாம். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: தொலைபேசி கேட்டால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். 4ஜி தொலைபேசி திருப்பி அனுப்பும் சக்தி ஒரு வாற்றில் ஐந்தில் ஒரு பங்குதான்.

பாறையில் மீடிறன் குறையக் குறைய நல்லது. வெற்றுச் சுரங்கவழியிலோ இது நேர்மாறாகிறது. 4 மீற்றர் அகலமான சுரங்கவழி ஒன்று அலைகளை வழிநடத்தும் குழாயாக நடந்துகொள்ள வேண்டுமானால் அலையின் மீடிறன் ஏறக்குறைய 37 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள மத்திய அலை வாசலிலேயே மடிந்துபோகும். பண்பலை கொஞ்சத் தூரம் உள்ளே வரும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை, வழி நேராக இருந்தால், சில நூறு மீற்றர் ஓடி, முதல் வளைவில் பெருமளவு இழந்துவிடும். மலையகப் பாதையில் கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் உள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. ரயில் அதற்குள் நுழையும்போது மத்திய அலையில் ஒரு சிறு வானொலியை வைத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒலி மெல்ல மெல்லக் குறைவதில்லை, இயந்திரம் இருட்டுக்குள் போன சற்று நேரத்தில் உங்கள் பெட்டியும் நுழைந்ததும் அப்படியே இரைச்சலாகிவிடும். தலைக்கு மேலே இருப்பது ஒரு மலை முகடுதான், ஆயிரம் அடிப் பாறை அல்ல.

இந்த இரண்டு எதிரெதிரான இயல்புகளுக்கும் நடுவே சுரங்கத் தொழில் கண்டுபிடித்த வழிதான் கசிவு வடம். ஓரச்சு வடத்தின் (தொலைக்காட்சி அன்ரனாவுக்குப் போடும் வகை) வெளிப்புறப் பின்னலை முழுவதும் மூடாமல் இடைவெளிகள் விட்டு நெய்தால், யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் வழிநெடுகத் தண்ணீர் விடுவதைப் போல, அந்த வடம் தன் நீளம் முழுவதும் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவும் வாங்கவும் செய்யும். பெல்ஜியத்திலும் பிரித்தானியாவிலும் 1960களிலும் 70களிலும் வளர்ந்த இந்த முறை இன்று உலகெங்கும் சுரங்கங்களில் இருக்கிறது. சில நூறு மீற்றருக்கு ஒரு பெருக்கி வைத்துக்கொண்டே போவார்கள். கொழும்பில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மூன்றாம் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் உங்கள் தொலைபேசி வேலை செய்கிறதென்றால், நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். உள்ளங்கை அளவில் வெள்ளை நிறப் பொருட்கள் சீரான இடைவெளியில் பதிக்கப்பட்டிருக்கும். அவை அன்ரனாக்கள், வடம் ஒன்று அவற்றை மேலே உள்ள கருவிகளோடு இணைக்கிறது. கொங்கிறீட்டைத் துளைத்துக்கொண்டு எதுவும் அங்கே வருவதில்லை. பராமரிப்பின்போது அந்த வடத்தின் ஓர் இணைப்பைக் கழற்றினால் போதும், தளத்தின் ஒரு பக்கம் முழுவதும் உடனே சிக்னல் இல்லாமல் போய்விடும்.

சுரங்கம் இடிந்தால் வடமும் அறுந்துவிடும். அப்போது பாறையைத்தான் துளைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி மீடிறனை மிகவும் தாழ்த்துவது. 1 கிலோஹேர்ட்ஸில் அதே ஈரப்பாறையின் தோல் ஆழம் 160 மீற்றர். 300 மீற்றரில் பாறை விழுங்குவது 16 தெசிபெல் மட்டும். மத்திய அலையில் 520, இங்கே 16. அவுஸ்திரேலியாவில் உருவான பெட் என்ற அவசர அழைப்புக் கருவி இந்த வழியில்தான் இயங்குகிறது. மேலே பெரிய கம்பி வளையம் ஒன்று விரிக்கப்படும். அதிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் தொழிலாளியின் தலைவிளக்கு மின்கலத்தோடு இணைந்த சிறு வாங்கி பெற்றுக்கொள்ளும். 1998 நவம்பரில் யூட்டா மாநிலத்தின் வில்லோ கிறீக் சுரங்கத்தில் தீப்பற்றியபோது, தொழிலாளர்களை உடனே வெளியேறச் சொல்ல இக்கருவி உதவியது. பிரித்தானியக் குகை மீட்பாளர்கள் 87 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் ஹேஃபோன் என்ற கருவியால் சில நூறு மீற்றர் சுண்ணாம்புக்கல் ஊடாகக் குரலிலேயே பேசுகிறார்கள். சுண்ணாம்புக்கல் மின்னைக் குறைவாகக் கடத்துவது அதற்குக் கைகொடுக்கிறது. கடல்நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இதே விதிதான். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 18 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒலிபரப்புகிறது. அந்த மீடிறனிலும் கடல்நீரின் தோல் ஆழம் இரண்டு மீற்றரைத் தொடுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. மீடிறன் தாழத் தாழ அன்ரனா பெரிதாக வேண்டும், அனுப்பக்கூடிய தகவல் சுருங்க வேண்டும். மேலிருந்து கீழே ஒரு வரி அனுப்பலாம். கீழே இருப்பவர் கிலோமீற்றர் நீளக் கம்பியை விரித்துப் பதில் அனுப்ப முடியாது. உள்ளங்கை அளவுக் கருவி, ஆயிரம் அடி ஈரப்பாறை, இருபக்கமும் தெளிவான குரல் ஆகிய மூன்றும் ஒரே கதையில் வந்தால், மூன்றில் ஒன்று பிழை.

நம்ப முடியாததாகத் தோன்றும் எல்லாக் கதைகளும் பொய் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் மீதேன் வாயு வெடித்து 13 பேர் உள்ளே அகப்பட்டார்கள். வெடிப்பின் காரணம் மின்னல் என்று முதலில் கேட்டபோது பலர் அதை ஏற்கவில்லை. மூடி முத்திரையிடப்பட்ட பகுதிக்குள் மின்னல் எப்படிப் போகும்? ஆனால் மின்னலின் சக்தி பெருமளவில் தாழ்ந்த மீடிறன்களில்தான் குவிந்திருக்கிறது. 10 கிலோஹேர்ட்ஸில் நமது பாறையின் தோல் ஆழம் 50 மீற்றர். சான்டியா தேசிய ஆய்வுகூடம் அந்த இடத்திலேயே அளந்து பார்த்தது. மூடிய பகுதிக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த நீரிறைப்பியின் வடத்தில், நிலத்தினூடாகவே போதிய மின்னழுத்தம் தூண்டப்படக்கூடும் என்று கண்டது. கூட்டாட்சி விசாரணையும் மின்னலே பெரும்பாலும் காரணம் என்று முடிவு செய்தது. நம் கதையில் இல்லாத இரண்டும் இங்கே இருக்கின்றன: பொருந்துகின்ற மீடிறன், காப்பிடப்பட்ட ஒரு வடம்.

அதே சேகோவில் வேறொரு துயரமும் நிகழ்ந்தது. சுவாசக் கருவி அணிந்த மீட்பாளர்கள் உள்ளிருந்து சொன்ன சொற்கள், ஆள்மாறி ஆள்மாறி, கருவிமாறி மேலே வந்து சேர்ந்தபோது பன்னிருவர் உயிரோடு இருக்கிறார்கள் என்று திரிந்துவிட்டன. தேவாலயத்தில் கூடியிருந்த குடும்பங்கள் மணியடித்துக் கொண்டாடின. மறுநாள் காலை நாளிதழ்கள் அதையே அச்சிட்டன. பன்னிருவர் இறந்துவிட்டார்கள், ஒருவரே உயிரோடு இருக்கிறார் என்ற உண்மை ஏறத்தாழ மூன்று மணிநேரம் கழித்தே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் நிறைவேறிய சட்டம், மூன்று ஆண்டுகளுக்குள் நிலக்கரிச் சுரங்கங்களில் இருவழிக் கம்பியில்லாத் தொடர்பு இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்காக நடந்த ஆய்வுகள் வெளிப்படையாக வெளியிடப்பட்டவை. புலமைச் சொத்து ஆவணங்களும் யாரும் படிக்கக்கூடியவை. அடக்கி மறைக்கப்பட்ட கருவி என்ற கதைக்கு இந்தத் துறையில் இடமே இல்லை. இங்கே எல்லா நாடுகளும் ஒரு நல்ல கருவிக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன.

எவ்வளவு காத்திருக்கின்றன என்பதற்கு உண்மையான மீட்புகளே சாட்சி. 2010இல் சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 700 மீற்றர் ஆழத்தில் அகப்பட்ட 33 பேர் உயிரோடு இருப்பது பதினேழாம் நாளில்தான் தெரிந்தது. துளைக்கோலின் நுனியில் அவர்கள் கட்டிவிட்ட காகிதத் துண்டு மேலே வந்ததால் தெரிந்தது. பிறகு பேசியதும் துளைவழியே இறக்கிய கம்பித் தொலைபேசியில்தான். 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் ஏறத்தாழ 60 மீற்றர் இடிபாட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்களின் முகங்களை உலகம் பார்த்தது, ஆறங்குலக் குழாய் வழியாக நுழைத்த கமெராவால். தண்டவாளத்தைத் தொட்டாலே தொலைபேசி பேசுமென்றால் இவர்களில் ஒருவராவது தொட்டிருக்கமாட்டாரா?

இதைப் பாதிப்பில்லாத கதை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. நிலத்தடியில் பல மீற்றர் ஆழத்திலுள்ள தங்கத்தைத் தூரத்திலிருந்தே காட்டும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்கேனர்களோடு புதையல் தோண்டப் போய்க் கைதானவர்களைப் பற்றிய செய்திகள் நம் நாட்டில் அடிக்கடி வருகின்றன. அவற்றை வாங்கியவர்களும் இதே போன்ற குரல்பதிவுகளைக் கேட்டு நம்பியவர்கள்தான். உண்மையான தரையூடுருவும் ராடார்கூட ஈரக் களிமண்ணில் ஒரு மீற்றரைத் தாண்டத் திணறும். ஏடிஈ 651 என்ற போலி வெடிகுண்டு காட்டியை ஈராக்கிலே சோதனைச் சாவடிகளில் பயன்படுத்தினார்கள். அதற்குள் இயங்கும் மின்னணுவியல் எதுவும் இல்லை. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளின் மறுவடிவம் அது. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கோர்மிக்குக்கு 2013இல் இலண்டனில் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்தச் சாவடிகளை நம்பிக் கடந்துபோனவர்களுக்கு நேர்ந்ததற்கு ஈடு செய்ய வழியில்லை.

உங்கள் மாமாவிடம் வாதாட வேண்டாம். அந்தத் தொழிலாளியையோ அவரை அறிந்தவரையோ கேட்டுச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேளுங்கள்: வானொலி எந்த அலையில் இருந்தது, எவ்வளவு ஆழத்தில் நின்றார், மின்வடமோ குழாயோ எத்தனை அடி தள்ளி இருந்தது, கிளைச் சுரங்கத்துக்குள் நடந்தபோதும் ஒலி தொடர்ந்ததா. இந்த நான்கு விவரங்களும் கிடைத்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். கணக்கிட்டு, அவர் கேட்டது எந்த வழியாக வந்திருக்கும் என்று எழுதுகிறேன்.